ஒரு வண்டியும் நிற்கவில்லை

இன்று காலை சர்வர் அறை வாசலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து தெர்மாகோலும் புது ரப்பரும் கலந்த வாசனை வந்தது. மணலியின் ஆலைக் காற்றையே மூச்சாக இழுத்துப் பழகிய நம் கன்டெய்னர் யார்டுக்கு அந்த வாசனை எப்போதாவதுதான் வரும். போன தடவை வந்தபோது நீ பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "புதுச் செருப்பு வாசன வருது, கொஞ்ச நேரம் தொறந்தே வெய்யிண்ணா" என்று சர்வர் பொருத்த வந்த என்ஜினியரிடம் சொன்னாய். இன்று நான் எழுந்து போகவில்லை. வாசனைதான் கவுண்டர் வரைக்கும் வந்தது.

நம் கவுண்டரில் இரண்டு நாற்காலி. கேட்டில் நுழையும் டிரெய்லரின் எண்ணை நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன். எந்த வரிசையில் போய் கன்டெய்னரை இறக்க வேண்டும் என்று திரையில் வரும். அதை நீ மைக்கில் கூப்பிடுவாய். பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு அந்த வேலை பிடித்துப் போனதே, அதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால்தான். டிரைவர்கள் ஜன்னலில் குனிந்து என்னிடம் ஏதாவது கேட்டால் நான் உன்னைப் பார்ப்பேன். "அதுக்கு வாய் ஞாயித்துக்கெழமதான் தொறக்கும்ணே, இங்க கேளு" என்பாய். நீ என்னை விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்கு முன்னால் ஒரு கதவைச் சாத்திக்கொடுத்தது போலத்தான் இருக்கும்.

அப்போது கம்பெனிக்கு ஒரே சர்வர். சரக்கு, கணக்கு, கேட் எல்லாம் அதில்தான் ஓடின. அது படுத்துவிட்டால் வண்டி வரிசை எண்ணூர் ரோடு வரை போய்விடும். ஹாரன் சத்தத்தில் காது அடைக்கும். அதனால்தான் இரண்டு சர்வர் போட்டு, ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்கிற மாதிரி ஜோடி சேர்க்க ஆள் வரவழைத்தார்கள். மாத்தூரிலிருந்து பைக்கில் வருவார் அந்த என்ஜினியர். அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தப் பொருத்த, கவுண்டரில் வேலை ஓடுகிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வது நம் இருவர் வேலை.

நீ சும்மா இருப்பாயா. இதெல்லாம் என்ன என்று அவரைக் குடைந்தாய்.

"ரெண்டு பொட்டிக்கும் வெளிய ஒரே பேருதான்மா. நீங்க அந்தப் பேரக் கூப்புட்டா எது உசுரோட இருக்கோ அது பதில் சொல்லும். இதுல எழுதுறதெல்லாம் அப்பப்பவே அதுலயும் எழுதிக்கும். உள்ளுக்குள்ள ரெண்டும் 'இருக்கியா, இருக்கேன்'னு ஒண்ண ஒண்ணு விசாரிச்சிக்கினே இருக்கும். பதில் வரலன்னா, சரி, அது போயிடுச்சுன்னு இது வேலைய எடுத்துக்கும்."

"கீறியா, கீறேன், கீறியா, கீறேன். நாள் பூரா இதே வேலையா? எங்க சின்னம்மா போன்ல இப்டித்தான் பேசும்."

அன்றிலிருந்து அது நமக்கு விளையாட்டாகிவிட்டது. வேலை நடுவில் மேசையைத் தட்டி "கீறியா?" என்பாய். நான் தலையை ஆட்டுவேன். "தலைய ஆட்டுனா பொட்டிக்குத் தெரியாதுடி. வாயால சொல்லு." நான் சிரிப்பேன், சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வாரம் கூட்டுகிறவரின் துடைப்பம் பட்டு இரண்டு சர்வருக்கும் நடுவில் இருந்த வயர் கழன்றுவிட்டது. ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. இரண்டுமே மற்றது செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தானே தலைவன் என்று வேலையை ஆரம்பித்துவிட்டன. ஒரே இடத்தை முன் கேட்டில் ஒரு வண்டிக்கும் பின் கேட்டில் ஒரு வண்டிக்கும் கொடுத்தன. இரண்டு டிரெய்லரும் மூக்கோடு மூக்கு வந்து நின்றன.

"இன்னாபா, என் எடத்துல வந்து நின்னுகினு கீற?"

"உன் எடமா? உங்க நைனா வாங்கிப் போட்டதா?"

என்ஜினியருக்குச் சட்டை நனைந்துவிட்டது. ரெண்டே பேர் இருந்தால் இந்தச் சண்டை வரும், மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும் என்று கணக்கு அறையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். சந்தேகம் வந்தால் அந்தச் சாட்சி யார் பக்கம் சேர்கிறதோ அதுதான் ஓடும், மற்றது ஒதுங்கிவிடும். நீ ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னாய்: "கணக்கு ரூம்ல வெச்சா பொய் சாட்சிதான் சொல்லும்." மேனேஜர் பின்னால் நின்றிருந்தார். அவரும் சிரித்துவிட்டார்.

கடைசியாகச் சோதனை நாள். வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போதே முதல் சர்வரின் கரண்டைப் பிடுங்குவது. என்ஜினியர் பிடுங்கினார். என் திரை ஒரு மூச்சு நேரம் உறைந்து, மறுபடி ஓடியது. அடுத்த வண்டிக்கு இடம் வந்துவிட்டது. நான் உன் பக்கம் திரும்பினேன். நீ மைக்கை என் முன்னால் தள்ளிவிட்டு மேசையில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

"எனக்கும் கரண்ட புடுங்கிட்டாங்க. நீ கூப்புடு."

நான் உன் தோளை உலுக்கினேன். நீ அசையவில்லை. வெளியே ஹாரன் அடித்தார்கள். மைக் பொத்தானை அழுத்தினேன். பொத்தானின் 'டிக்' என்ற சத்தம்தான் யார்டு முழுவதும் கேட்டது. எண் கண்ணெதிரில் இருந்தது, வாயில் வரவில்லை. கடைசியில் நீயே ஒரு கண்ணைத் திறந்து, எட்டி மைக்கை வாங்கி எண்ணைக் கூப்பிட்டாய். பிறகு என் கன்னத்தைக் கிள்ளினாய். "பொட்டி பாஸு. நீ பெயிலு."

மழைக்காலம் தொடங்கியபோது காய்ச்சல் என்று லீவு போட்டாய். பிறகு ஆஸ்பத்திரி என்றார்கள். பிறகு தண்டையார்பேட்டையில் உன் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். "நீ யாரும்மா?" என்று ஓர் அம்மா கேட்டார். நான் உள்ளே கை காட்டினேன். கடைசியாக உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் ஜன்னலருகே வந்தார். "இன்னிக்கு நீயே கூப்புடும்மா. முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாக்கறேன்." வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்பது உனக்குத் தெரியும். கூப்பிட்டேன். குரல் நடுங்கியது. "இன்னாபா, பூன கத்துது?" என்று யாரோ சிரித்தார்கள். ஆனாலும் எண் கேட்டது, வண்டி நகர்ந்தது. சாயங்காலம் மேனேஜர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "பரவால்லயே, ஒரு வண்டியும் நிக்கல."

அந்தப் பாராட்டு இத்தனை நாளும் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. நான் தட்டிக்கொண்டே கூப்பிடவும் பழகப் பழக, உன்னை யாரும் கேட்பது குறைந்தது. ஒருநாள் தடுமாறியிருந்தால், வரிசை கொஞ்சம் நின்றிருந்தால், நீ இல்லை என்று எல்லோருக்கும் உறைத்திருக்கும். என் வேலை சரியாக நடக்க நடக்க உன்னை நானே அழிப்பது போல இருந்தது.

இன்றைக்குப் பிரித்த பெட்டியில் வந்தது புது சர்வர். பழைய முதல் சர்வர் இரண்டு நாள் முன்பே செத்துவிட்டதாம். நான் அதுகூடத் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் இருப்பதெல்லாம் புதியதில் போய்ச் சேரும்வரை என்ஜினியர் கவுண்டரில் வந்து டீ குடித்தார். சந்தோஷமாக இருந்தார்.

"யாருக்குமே தெரியல பாத்தியா? இதுக்குத்தாம்மா அவ்ளோ பாடு பட்டோம்." பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எங்க, கிண்டல் பண்ணிகினே இருக்குமே? வேற எடம் போயிடுச்சா?"

சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "யாரும் சொல்லவே இல்லயே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு தடவை சொன்னார்.

அவர் எழுந்து போன பிறகு அடுத்த வண்டியின் எண் திரையில் வந்து நின்றது. நான் மைக் பொத்தானை அழுத்தினேன். எண்ணைச் சொல்லவில்லை.

"டிரைவர் அண்ணனுங்கல்லாம் கேளுங்க. முன்னாடி இதுல உங்களக் கூப்புட்டுகினு இருந்தது நான் இல்ல. அது என் தோஸ்து. மழைக்காலத்துல காய்ச்சல் வந்து செத்துட்டா. உங்களுக்கு யாரும் சொல்லல. அதான் சொல்றேன்."

யார்டின் கடைசியிலிருந்து ஒரு டிரைவர் வண்டியை விட்டு இறங்கி, காதில் கை வைத்துக் கத்தினார்: "கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

அவருக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னேன், உன் பெயரையும் சேர்த்து. எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. முன்னால் இருந்த வண்டி என்ஜினை அணைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்து, "இன்னாம்மா, லைன் ஏன் நிக்குது?" என்று கேட்டார். நான் உன் நாற்காலியைக் காட்டினேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு நான் எண்ணைக் கூப்பிட்டேன்.

இதை எழுதும்போது தொண்டை கரகரவென்று இருக்கிறது. நாளெல்லாம் கத்திவிட்டு வருகிறவர்களுக்கு வரும் கரகரப்பு. அம்மா சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். குடிக்காமல் ஓரமாக வைத்திருக்கிறேன். இந்தக் கரகரப்பு இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு இருக்கட்டும்.