சம்பந்தி பார்த்த கொப்புளம்

புக்கிட் பெருந்துங்

அன்பு மகன் தீபனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் ரூபினியும் ஆக்லாந்து குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை போகிறது, ஆனால் அது பாதிப் பொய். அப்பா சுகம். எனக்கு இடது கண்ணில் நோய் வந்து இப்போதுதான் தேறுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நெற்றியில் இடப்பக்கம் மட்டும் ஊசி குத்துவதுபோல் வலி, இரண்டாம் நாள் கொப்புளம். அக்கி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பெற்றவள், உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போன வருஷம் உன் மாமியார் லீலாவதிக்குக் கண் சிவந்தபோது தினமும் வீடியோவில் கூப்பிட்டு, இது வைரஸால் வருவது, துண்டைத் தனியாக வையுங்கள், கடையில் கண்ட சொட்டு மருந்தை வாங்கி விடாதீர்கள் என்று அத்தனை பொறுமையாகச் சொன்னாயாமே. அவர் இருக்கும் சுங்கை சோ ஊர் முழுக்க அதே பேச்சு. மாப்பிள்ளை இல்லை, நான் பெறாத பிள்ளை என்று சம்பந்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறேன்! வயிறு எரிந்தது, ஆமாம், பொறாமைதான். நீயாகக் கேட்கும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

அப்பா என்னை அக்கி எழுதப் பத்தாங் காலி ஊரில் இருக்கும் செல்லன் அண்ணனிடம் கூட்டிப்போனார். காவியைக் குழைத்து நெற்றியிலிருந்து இமைவரை சிங்கம் எழுதி, மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்றார். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அந்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது காவி முகத்தைப் பார்த்துத் திட்டுவாயே என்று கேமராவை விரலால் மூடிக்கொண்டு லைன் சரியில்லை என்றேன். நீயும் சரிம்மா அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாய். இன்னொரு தடவை என்னம்மா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் முருங்கைக்கீரை கொடுக்க வந்த சம்பந்தி என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். ஐயோ சம்பந்தி, மூக்கு நுனியிலயும் கொப்புளம் இருக்கே, அக்கி அங்க வந்தா கண்ணுக்குள்ள போயிருக்கும்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு, கெளம்புங்க லா என்று தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் காவியைத் துடைத்து, கண்ணில் மஞ்சள் மருந்து விட்டு, நீல விளக்கடித்துப் பார்த்தார். சின்ன வயதில் போட்ட அம்மையின் கிருமி நரம்புக்குள் ஒளிந்திருந்து இப்போது கருவிழிவரை வந்துவிட்டதாம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்கு மருந்து. ஏம்மா இத்தனை நாள் காவியப் பூசிக்கிட்டு இருந்தீங்க, கண்ணு போயிருந்தா என்ன செய்வீங்க என்று திட்டினார். கொப்புளம் காய்ந்துவிட்டது, ஆனால் பார்வை இன்னும் மங்கல்தான்.

சம்பந்தி நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். என் கண்ணைக் காப்பாற்றியது நீ சொன்ன வார்த்தை, அதை நான் இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா, எனக்கும் சொல்.

ஈரத் தலையோடு குளிரில் போகாதே. ரூபினியை வேளைக்குச் சாப்பிடச் சொல். இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். மறந்துவிடாதே, வரும் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு, உனக்கு மதியம் இரண்டு, கருவிழியில் தழும்பு நிற்குமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். சம்பந்தி தானும் உள்ளே வருவதாகச் சொன்னார். வேண்டாம், என் மகன் போனில் இருப்பான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
அமராவதி