பத்தாவது தூண்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. சயனைடு மேட்டுப் பொடி, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு. ஜன்னலைச் சாத்தியும் மேஜைமேல் வெள்ளைப் படலம். அதில் விரலால் என் பெயரின் முதல் எழுத்து. அழித்தேன்.

ஆபீஸ் முடிந்து மாலை ரயிலில் அக்கா. ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் கணினி முன்னால். திரை கறுப்பு. காலையில் ஓடவிட்டுப் போன வேலை எங்கோ பாதியில் நின்றிருக்கிறது.

"எப்படா நின்னுச்சி?"

"பாக்கலக்கா. படிச்சிக்கினு இருந்தேன்."

"பக்கத்துலயே உக்காந்துக்கினு!"

பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. படம் வரவில்லை. மறுபடி. ஃபேன், விளக்கு, கறுப்பு. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ ஒன்றும் நடக்காததுபோல் வந்தது. கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து சாப்பாடு கேட்பது மாதிரி.

பிறகு மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். கணினி அக்கா கையால் கட்டியது. போர்டும் பிராசஸரும் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழையதாக வாங்கியவை. கிராஃபிக்ஸ் கார்டு, மூடிப்போன கேம் சென்டர் ஒன்றிலிருந்து. கேபினெட் கடைச் சரக்கு இல்லை. அப்பா சுரங்கத்தில் வைத்திருந்த இரும்பு டூல் பெட்டி. போன ஞாயிறு முழுக்க அப்பாவும் அவளும் அதில் துளை போட்டார்கள். பக்கத்தில் ஃபேனுக்கு. அடித்தட்டில் சின்னச் சின்னப் பித்தளைத் தூண்களுக்கு. அந்தத் தூண்கள்மேல்தான் போர்டு படுத்திருக்கிறது.

சனிக்கிழமை மாலைக்குள் ஒரு அனிமேஷன் கம்பெனிக்கு மாதிரிக் காட்சி ஒன்று அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே வேலை. விடியும் முன் ஒரு ரயில், இருட்டிய பின் ஒரு ரயில், நடுவில் யாருடைய பில்களையோ டைப் அடிப்பது. அதெல்லாம் ஓய்ந்துவிடும்.

அவள் எடுத்துக்கொண்ட காட்சி: ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட், மழை. கடைமுன் கட்டிய தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொங்குகிறது. கீழேயிருந்து ஒரு கை கம்பால் தள்ளுகிறது. அவ்வளவுதான். நானாக இருந்தால் சுரங்கக் குழிமேல் நிற்கும் ஷாஃப்ட் கோபுரத்தைச் செய்திருப்பேன். துரு, அந்தி வெளிச்சம். எல்லோரும் செய்வது. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அந்தத் தண்ணீரைக் கணக்கிட்டு முடிக்கக் கணினி ஒரு பகல் முழுக்க நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து.


ஜூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. துணி காயப்போடவில்லை அம்மா.

வந்ததும் அக்கா ராம் மெமரி அட்டைகள் இரண்டையும் கழற்றினாள். என் அழிரப்பரால் அவற்றின் தங்கநிறப் பற்களைத் தேய்த்தாள். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினாள். நின்றது. மற்றதைப் போட்டாள். அதுவும் நின்றது. முகம் சுளிக்கவில்லை. "ரெண்டும் ஒரே நேரத்துல கெடாது. அப்ப இது இல்ல" என்று தனக்குத்தானே.

நான் தோல்வி என்று நினைத்ததை அவள் ஒரு கதவைச் சாத்திவிட்டு வருவதுபோல் வைத்துக்கொள்கிறாள்.

அம்மா: "புதுப் பொருள் வந்தா ஒரு எலுமிச்சங்கா சுத்திப் போடணும். யார் கேக்கறீங்க."

அக்கா: "போடும்மா. ஃபேன்ல சிக்காம போடு."

அம்மா நிஜமாகவே சுற்றிப் போட்டாள். அப்புறம் சிறிது நேரம் ஓடியது. அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு நின்றது. அப்போதும் பார்க்க முடியவில்லை.

ஆபீஸ் கணினியில் செய்து அனுப்பலாமே என்றேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு தடவை, "ஆடுதா?"

"ஆடலப்பா. இறுக்கமாத்தான் கீது."

எங்கள் வீட்டில் எதுவும் சும்மா நிற்பதில்லை. அலமாரித் தட்டுகளுக்கு முன்னால் குறுக்குக் கம்பி. சாமி படத்துக்கு நான்கு மூலையிலும் ஆணி. கடிகாரத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பி. சுரங்கத் தொழிலாளர் லைனில் எந்த வீட்டிலும் இப்படித்தான். ஏர் பிளாஸ்ட் பழக்கம். பூமிக்கடியில் பாறை வெடித்து இறங்கும். மேலே வரிசை வீடுகள் மொத்தமும் ஆடும். சுரங்கம் மூடிய பிறகும் மழைக்காலத்தில் எப்போதாவது ஆடுகிறது. மைசூர் விடுதியில் என் புத்தக அடுக்குக்கு முன்னால்கூடக் கயிறு கட்டியிருந்தேன். அறைத்தோழன் சிரித்தான். ஏன் கட்டினேன் என்று அவன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.


ஜூலை 16, புதன்

தூறல். பொடி அடங்கியது. நிம்மதி.

அக்கா சொன்னபடி மத்தியானம் சேகர் அண்ணன் கடைக்குப் போனேன். ராபர்ட்சன்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை, பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர். பவர் சப்ளை ஒன்று இரவல் கேட்டேன், சோதித்துப் பார்க்க.

"இன்னாடா, உங்கக்கா டிரங்குப் பொட்டில கம்ப்யூட்டர் கட்டிக்கீறாளாமே? பூட்டுப் போட்டுக்கீறாளா?"

"ஓடுதுண்ணே. அப்பப்ப நிக்குது."

"எங்க மாமா காரும் அப்பிடித்தான். ஓடும், அப்பப்ப நிக்கும். வித்துட்டாரு." பிறகு, இறக்கிக் கொடுத்துக்கொண்டே, "ஏதாவது கத்துக்கினா எனக்கும் சொல்லச் சொல்லு. கிண்டல் இல்ல."

கிண்டல் இல்லைதான்.

மாலை, இரவல் பவர் சப்ளை. ஓடியது. அம்மா காபி கொண்டுவந்தாள். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தோம். தார்ப்பாயில் தண்ணீர் சேர ஆரம்பித்தது. எத்தனை அழகு. தண்ணீருக்குள் தார்ப்பாயின் நீலம், அதற்குள் தெருவிளக்கு. எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு பொறுமையாக மழையைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கறுப்பு.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன்.

"நாளைக்கு லீவு போடறேன்" என்றாள்.


ஜூலை 17, வியாழன்

மூட்டம். மழை இல்லை.

காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். பாகம் பாகமாக. சாப்பாட்டு மேஜைமேல் அட்டையை விரித்து, அதன்மேல் போர்டு. பெட்டி இல்லாமல், மூடி இல்லாமல், குடலெல்லாம் வெளியே. ஆன் செய்யப் பொத்தான்கூடக் கிடையாது. போர்டில் பொத்தானுக்காக நீட்டியிருக்கும் இரண்டு முள்ளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டாள்.

ஓடியது.

நின்றுவிடும் என்று காத்திருந்தோம். மேஜை போய்விட்டதால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஓடியது. அம்மா பாத்திரம் கழுவி முடித்தாள். ஓடியது. மாரிகுப்பம் வண்டி போயிற்று. ஓடியது.

"பொருளெல்லாம் நல்லாத்தான் கீது. வீடுதான் சரியில்ல" என்றாள் அக்கா.

நான்கு நாளாக நான் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் படிப்பு மொத்தமும் முதல் கேள்வியோடு நின்றுவிட்டது.

காலிப் பெட்டியைச் சாய்த்து டார்ச் அடித்தாள். தூண்களை எண்ணினாள். கணினியை நிறுத்தி, போர்டைத் தூக்கி அதன் ஓட்டைகளை எண்ணினாள். மறுபடி தூண்கள்.

ஓட்டை ஒன்பது. தூண் பத்து.

பத்தாவது, ஓட்டையே இல்லாத இடத்தில். போர்டைத் திருப்பினாள். அடிப்பக்கம், ஈயப் புள்ளிகளுக்கு நடுவே, பளபளவென்று ஒரு கீறல். பித்தளை முனை அங்கே உரசியிருக்கிறது. போர்டு சூடேறி லேசாக வளையும்போதெல்லாம் புள்ளியில் பட்டு, கரண்டு பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது.

"யாருக்கா இத்த வெச்சது?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். வாசற்படியில் அப்பாவின் முதுகு.

எனக்கும் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போர்டைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு சொன்னது: "இங்க அடியில காலியா கீதே." சுரங்கத்தில் அவருக்கு டிம்பர் வேலை. தோண்டிய இடத்தில் மரத்தூண் நிறுத்தி மேற்பாறையைத் தாங்கவைப்பது. அடியில் காலியான எதையும் அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அக்கா டீ போடப் போயிருந்த நேரத்தில் ஒரு துளை போட்டு ஒரு தூணை வைத்துவிட்டார். அதைச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்காது. தூண் வைப்பதை யாராவது சொல்வார்களா.

மாலை முழுக்க அக்கா போர்டின் ஒரு ஓரத்தை விரலால் அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள்.


ஜூலை 18, வெள்ளி

வெயில். மேட்டின்மேல் பச்சை படர்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

இன்றும் லீவு. ஆபீஸிலிருந்து போன் வந்தது. மேனேஜரோடு கன்னடத்தில் பேசினாள். அரைப் பொய், அரைக் கெஞ்சல்.

நான் அவளிடம் சொன்னது: சத்தமில்லாமல் அந்தத் தூணைக் கழற்றிவிடலாம். அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம். அது அன்பு என்று நினைத்தேன்.

"அப்புறம் அவரு ஒரு நாள் மூடியத் தொறந்து பாத்தா?"

அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். பக்கத்தில் உட்காரவைத்தாள். போர்டின் கீறலைக் காட்டினாள்.

"அப்பா, இந்தப் பித்தளை இங்க உரசுது. கரண்டு இறங்குது. அதான் நிக்குது."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம்.

"நான் வெச்சதும்மா அது."

"தெரியும்ப்பா."

"நாலு நாளா நீ அவஸ்தப்பட்டது இதாலயா."

அவள் மழுப்பவில்லை. "ஆமா" என்றாள். அப்பாவின் கை முழங்கால்மேல் இருந்தது. அதை இழுத்துப் போர்டின் ஓரத்தில் வைத்தாள். "இங்க அமுத்து. வளையுது பாரு. பெரிய பிளக்கு இங்கதான் ஏறுது. கார்டு பாரம் வேற. நீ பாத்த எடம் சரி. இங்க சப்போர்ட் வேணும். பித்தளைதான் ஆவாது."

சமாதானத்துக்குச் சொல்கிறாளோ என்று சந்தேகம் எனக்கு. நானும் அழுத்தினேன். வளைந்தது. நேற்று மாலை முழுக்க அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்: அப்பா எந்த அளவுக்குச் சரி என்று. பொய் இல்லாத ஒரு வாக்கியத்துக்காக ஒரு மாலை.

அப்பா எழுந்தார். "அப்ப மரம்."

சமையலறையில் சத்தம். பிறகு அம்மாவின் சத்தம்: "அய்யய்யோ, என் பூரிக்கட்ட! இன்னாய்யா பண்ற!"

"பூரி சுட்டு எத்தினி நாளாவுது?"

"அதுக்கு?"

கைப்பிடியை அறுத்தார். பேனாக்கத்தியால் சீவினார். வைத்துப் பார்த்தார், சீவினார், வைத்துப் பார்த்தார். மயிரிழை மயிரிழையாக. சீவும்போது உதடு லேசாகப் பிரிந்திருந்தது. அப்படி நான் பார்த்ததில்லை. கடைசியில் பழக்க தோஷம், ஆப்பு வைத்துத் தட்ட சுத்தியலை எடுத்துவிட்டார். அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா! இது பாற இல்ல!"

மூவரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

மாலை, எல்லாம் பெட்டிக்குள். பித்தளை ஒன்பது, மரம் ஒன்று. மூடி போட்டாள். பொத்தான். முதல் தடவையிலேயே படம்.


ஜூலை 19, சனி

விடிந்ததும் ஓடவிட்டாள். வீட்டில் யாரும் சத்தமாக நடக்கவில்லை. டிவி போடவில்லை. கரண்டு போகக் கூடாது என்று அம்மா வேண்டிக்கொண்டாள். போகவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்திருந்தோம். அடியிலிருந்து ஒரு உறுமல். தட்டு லேசாக நகர்ந்தது. அலமாரிக் கம்பிக்குப் பின்னால் பாத்திரங்கள் ஒன்றையொன்று இடித்தன. ஒரு நொடி. எப்போதாவது வருவது. எப்போதும் அப்பா முதலில் கூரையைப் பார்ப்பார்.

இன்று பெட்டியைப் பார்த்தார்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தார்ப்பாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சாப்புடுங்க" என்றார்.

பொழுது சாய்வதற்குள் முடிந்தது. முழுக்க ஒருமுறை போட்டுக் காட்டினாள். கம்பு கீழிருந்து தள்ள, நீர் சரிந்து தெருவில் கொட்டுகிறது. கம்பைப் பிடித்த கையை அருகில் பார்த்தேன். கட்டைவிரல் நகம் பிளந்திருக்கிறது. அப்பாவுடைய கை. வீட்டில் யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் இங்கே மட்டும்.

அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு பொடி துடைத்தாள், மேஜை மொத்தமும்.


ஜூலை 20, ஞாயிறு

பவர் சப்ளையைத் திருப்பிக் கொடுத்தேன். சேகர் அண்ணனுக்கு விஷயம் சொன்னேன். "பூரிக்கட்டையா?" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். பின்னால் போய்த் தன் கடையில் ரொம்ப நாளாகத் தொல்லை கொடுக்கும் ஒரு கேபினெட்டைத் திறந்து தூண்களை எண்ண ஆரம்பித்தார்.

படிக்கவில்லை. தூங்கினேன்.


ஜூலை 21, திங்கள்

மறுபடி காற்று. பொடி.

அக்கா விடிவதற்கு முன்பே வண்டிக்குப் போயாயிற்று. பதினோரு மணி வாக்கில் போன். பின்னால் ஆபீஸ் இரைச்சல், அவள் தாழ்ந்த குரலில்: எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த மாதத்திலிருந்து. வீட்டிலிருந்தே. "அப்பாகிட்ட குடு."

கொடுத்தேன். அப்பா போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். சந்தோஷம் என்றோ நல்லது என்றோ சொல்லவில்லை.

"அப்ப பொட்டி தெனம் பகல் முச்சூடும் ஓடுமாம்மா?"

அவள் ஏதோ சொன்னாள்.

"சரி. ரயில்ல ஜாக்கிரதையா வா."

போனை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். பேனாக்கத்தியைத் தேடுகிற சத்தம். ஒரு தூண் போதாது என்று நினைத்திருக்க வேண்டும்; ஸ்பேர் ஒன்று.

சிறிது நேரம் கழித்து அம்மா, சமையலறையிலிருந்து: "என் மத்து எங்கடா?"