மத்தியான வாட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று மத்தியான வெயிலில் திராட்சை இலைகளெல்லாம் துவண்டு தொங்கின. முதலாளி சொட்டுநீர்க் குழாயைத் திறக்க ஓடினார். குட்டையில் இருக்கும் தண்ணீரோ அறுவடை வரைக்கும் மட்டுமட்டு. நான் வழிமறித்தேன்.

"ஐயா, வெயில் வாட்டமா தாக வாட்டமான்னு காலையிலதான் தெரியும். பொறுங்க."

"கொடி பட்டுப்போச்சுன்னா உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்."

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு இலையும் விறைப்பாக நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளியே டீ போட்டுக் கொடுத்தார்.

தலைவலித் தைலம் ஒன்று அனுப்பு. அதைச் சுற்றும் காகிதத்தில் நாலு வரி எழுது. சொட்டுநீர்க் குழாய் வால்வு பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.

போனில் என் குரல் துவண்டிருந்ததென்று அப்பாவிடம் அழுதாயாமே. அது மத்தியானம், அம்மா. ஒருநாள் விடிந்ததும் கூப்பிட்டுப் பார்.

உன் மூத்தவள்