துணைத்தேற்றம் நான்கு

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

இன்று அப்பா அம்மாவின் பச்சை நோட்டை என் மேசைமேல் போட்டார். "சனிக்கிழமைக்குள்ள டைப் பண்ணிக் குடு. அடுத்த வாரக் கருத்தரங்குல நான் படிக்கற கட்டுரை." சமன்பாடுகளை வேகமாக அடிக்க எனக்குத்தான் வரும். அம்மா சொல்லிக்கொடுத்தது.

முதல் பக்கத்தில் யார் பெயர் என்று கேட்டேன். "என் பேர்தான்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே, "என் பேரும் போடலாமே," என்றாள்.

"போடலாம். எந்த நிறுவனம்னு கேப்பாங்களே! என்ன குடுப்பே? சமையல்கட்டு, முதல் மாடின்னா?" கல்லூரியில் துறைத்தலைவரான அப்பா தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அம்மா மூன்று வருடமாகச் சமையல் மேசையில் போட்ட கணக்கு அது. நான் பிறந்தபோது ஆராய்ச்சியை விட்டவள். வரும் இருபதாம் தேதி அவளுக்கு ஆய்வு வேலைக்கு நேர்காணல். இந்தக் கட்டுரையும் இல்லாமல் வெறுங்கையோடு போய் என்ன சொல்வாள்?

அப்பாவைச் சும்மா விடக்கூடாது.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மாவின் நோட்டு பாதிதான் புரிகிறது. பிளாஸ்மாவில் அணுக்கள் உடைந்து, மின்னூட்டத் துகள்கள் கோடிக்கணக்கில் அலைகின்றன. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் இழுக்கும், அல்லது தள்ளும். "தனித்தனியா யார் பின்னாடியும் ஓட முடியாதுடி. கூட்டம் மொத்தமா எப்படி நகருதுன்னு பாக்கணும்," என்பாள் அம்மா. கூட்டம் முழுவதற்கும் ஒரே சமன்பாடு போதும் என்று காட்டுவதுதான் அவள் வேலை. இடைஞ்சல் ஒன்றுதான். இரண்டு துகள்கள் மிக நெருங்கி வந்தால் சராசரி கெட்டுப்போகும்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிரூபித்ததை மையில் எழுதுவாள். நம்புவதை மட்டும் பென்சிலில். 'அப்படி நெருங்கும் சோடிகள் மிகக் குறைவு, விட்டுவிடலாம்' என்கிற வரி பதினேழாம் பக்கத்தில் பென்சிலில் இருக்கிறது. மிச்சப் பக்கங்களில் பாதி அதை நம்பித்தான் நிற்கின்றன.

அப்பாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. பதினைந்து வருடம் ஒரே வீட்டில்!

பிப்ரவரி 7, வெள்ளி

அடித்துவிட்டேன். பென்சில் வரியை, நிரூபித்து முடித்தது போல, தடித்த எழுத்தில் 'துணைத்தேற்றம் 4' ஆக்கினேன். கீழே 'நிரூபணம் எளிது' என்று நானே சேர்த்தேன். சந்தோஷமாக இருந்தது — இங்கே கூட எதற்குப் பொய்?

பிப்ரவரி 8, சனி

அப்பா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்தார். "சமத்து," என்றார். அம்மாவிடம் காட்டவே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டால் என்னை என்ன செய்வார்?

பிப்ரவரி 15, சனி

கருத்தரங்கு. மேடையில் அப்பா, கடைசி வரிசையில் அம்மாவும் நானும். துணைத்தேற்றம் 4 திரையில் வந்ததும் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை, கிராப் வெட்டியவர், கை தூக்கினார். "எளிதுன்னு போட்டிருக்கீங்களே சார். எட்டு வருஷமா எனக்கு அது எளிதா வரலை. போர்டுல கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

அரங்கமே சிரித்தது. அப்பா சாக்பீஸை எடுத்தார். ஒரு வரி எழுதினார், அழித்தார். இன்னொரு வரி. அதையும் அழித்தார். கழுத்தெல்லாம் வியர்வை. வேணும், நல்லா வேணும் என்று நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது திரும்பினார். "உண்மையச் சொல்லணும்னா, இந்தப் பகுதி என் மனைவி போட்ட கணக்கு. நம்பி எடுத்துக்கிட்டேன்."

எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. நன்றி சொல்லும் இடத்தில்கூட வராத அம்மாவின் பெயர் — இதற்கு வந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மா அழவில்லை. சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "'எளிது'ன்னு நான் எழுதவே இல்லையே?"

"உன் நோட்டுல இருந்ததைத்தானே கொழந்த அடிச்சா," என்றார் அப்பா. "போர்டுல போடச் சொன்ன அந்தம்மாதான் நேர்காணல்லயும் உக்காரப் போறாங்க. பேசாம போகாம இரு. அசிங்கம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். ஐயோ, நான் ஏன் வாயைத் தொறக்கல? அவரை அடிக்கப் போய் அம்மாவையில்ல அடிச்சிட்டேன்!

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பளாரென்று ஒரு அறை. காது இன்னும் கொய்யென்கிறது. பிறகு பச்சை நோட்டை எடுத்து வந்து பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்தாள். "அந்தப் பக்கத்தை போட்டோ எடு," என்றாள்.

பேராசிரியைக்கு நானே எழுதினேன். அம்மா பென்சிலில் எழுதினால் இன்னும் நிரூபிக்கவில்லை என்று பொருள், அதைத் தேற்றம் ஆக்கியது நான், வயது பதினான்கு, மற்றதெல்லாம் மையில் இருக்கிறது, எல்லாமே அம்மாவுடையது என்று. நோட்டின் நாற்பத்தேழு பக்கங்களையும் இணைத்தோம். அனுப்பப் போனபோது அம்மா என் கையைத் தடுத்தாள். வேண்டாம் என்பாளோ என்று பயந்தேன்.

"அப்பாவுக்கும் ஒரு நகல் போடு," என்றாள்.

போட்டேன். இரவு எட்டு மணிக்குப் பதில் வந்தது. இருபதாம் தேதி அம்மா நோட்டோடு வர வேண்டுமாம். அவ்வளவுதான், ஒரே வரி. அம்மா அதை நான்கு தடவை படித்தாள்.

அப்பா சாப்பிட்டதும் தன் அறைக்குப் போனார். இதுவரை மெயில் பார்த்திருக்க மாட்டார். இப்போது நாற்காலி இழுபடும் சத்தம். நடையில் விளக்கு எரிகிறது. அம்மாவாக இருந்தால் கதவைத் தட்ட மாட்டாள், நேரே திறந்துகொண்டு வந்துவிடுவாள். யாரோ தட்டுகி—