சாமந்தி மூடிய கார்

17.5.98, ஞாயிறு

அண்ணன் அமெரிக்கா போய்விட்டான். நகரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு, அவன் நைனாவுக்கு வாங்கித் தந்த காரில் போனோம். ஏசியில் அனல் வந்தது. நேற்றுதான் திருப்பதியில் ஏசிக்கு கேஸ் நிரப்பியிருந்தோம். திருத்தணி தாண்டி இறங்கிப் பார்த்தேன். பயணத்துக்கென்று நைனா கட்டிய சாமந்தி மாலைகள் முன்பக்கக் கம்பிவலையை முழுக்க அடைத்திருந்தன. உள்ளே காற்று போக வழியில்லை.

அண்ணன் பிய்த்து எறிந்தான். "இதுக்குத்தான் நைனா, இந்த ஊரே எனக்கு ஒத்துக்கல."

"நீ நல்லா போய்ச் சேரணும்னு வேண்டிக்கினு கட்டினேன்டா. சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேனே."

அதன்பிறகு ஏசி நன்றாகக் குளிர்ந்தது. மாலைதான் காரணமென்று நான் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அவனை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது நைனா சொன்னார்: "ஏசிய நிறுத்துடா. அவனே பூட்டான், நமக்கு எதுக்கு?"