வண்டிக்கு மட்டும் நல்ல தண்ணீர்

இன்று காலையும் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. விருச்சிக மாதத்துக் கடலேற்றம், வேலியேற்றம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடை வழியாகக் காயல் உள்ளே வந்து, நம் முற்றத்தில் கணுக்கால் அளவு நின்றுவிட்டு, ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல இறங்கிப் போயிற்று. போனபின் அந்த வாடை. உப்பும் சேறும் எலி மூத்திரமும் அழுகிய இலையும் கலந்த மட்டாஞ்சேரி வாடை. அது மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தீராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

போனவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டுமாம். மன்னி அப்படித்தான் பேசுகிறாள். "ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்காத மனுஷர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். ஈ எறும்புக்கு நினைக்கவில்லை, சரி. கீழ்வீட்டில் அவளையும் மாடியில் என்னையும் இப்படி விட்டுப் போனாயே, அதற்கு என்ன பெயர் அண்ணா?

அந்தச் சிவப்பு வண்டியை நான் வாங்கியது டியூட்டிக்குப் போக. எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணி ஷிப்டுக்குத் தனியார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், பாதிச் சக்தியைத் தோப்பும்படிப் பாலத்திலேயே இழந்துவிட்டு, பிறகு மருத்துவ வார்டில் நின்று நர்ஸ் வேலை செய்ய முடியவில்லை. யாரோ ஒரு டாக்டர் வைத்திருந்த பதினைந்து வயது ஹாட்ச்பேக். பின்கதவில் 'ஸ்போர்ட்' என்று ஒரு ஸ்டிக்கர். நீ பானெட்டைத் திறந்து குனிந்தவன் கால்மணி நேரம் நிமிரவில்லை. பெண் பார்க்கப் போன அன்று மன்னியைக்கூட நீ அப்படிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வண்டியில் பெயர் என்னுடையது, பித்து உன்னுடையது.

துறைமுக ஐலண்டில் கப்பல் ஏஜென்சி ஆபீசில் காகிதம் தள்ளுகிற உனக்கு ஸ்பேனர் பிடிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிடித்தாய், நன்றாகவே பிடித்தாய். கசிந்த ரேடியேட்டர் ஹோஸ், நைந்துபோன எஞ்சின் மவுண்ட் ரப்பர், பாலத்தில் ஏறும்போது முனகிய கிளட்ச், எல்லாவற்றையும் முற்றத்தில் இரண்டு ஸ்டாண்டின்மேல் தூக்கி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீயே சரிசெய்தாய். நான் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் அரை அங்குலம் நகர்ந்தால் வண்டிக்கடியிலிருந்து திட்டுவாய். "இஞ்செக்ஷன் போடறச்சே நான் வந்து உன் கையைத் தட்டினா எப்படியிருக்கும்?" என்பாய். ரிப்பேரோடு நின்றிருந்தால் உன்னைக் கும்பிட்டிருப்பேன்.

ரிப்பேர் முடிந்த இடத்தில் உன் ஆசை ஆரம்பித்தது. பெரிய சைலன்சர் வந்தது. அலாய் சக்கரங்கள் வந்தன. கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது, அதில் குட்டையான நான்கு ஸ்பிரிங். வண்டியை ஒன்றரை அங்குலம் தாழ்த்தினால் வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு ஓடுமாம். வருஷத்துக்குப் பத்துத் தடவை தண்ணீர் ஏறும் தெருவில் வண்டியைத் தாழ்த்துபவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருப்பாய். எதிர்வீட்டு லாரிக்கார சேட்டன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சுவாமீ, இது காறோ வள்ளமோ?" என்று கேட்டார். காரைப் படகு என்றதற்கு நீயும் சிரித்தாய். மறுநாள் அவரிடமே ஜாக்கி இரவல் வாங்கினாய்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த வண்டி ஓடியது. ஸ்பிரிங் மாற்றிய வாரம் வைப்பின் தீவுப் பக்கம் என்னை ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்தாய். கோஸ்ரீ பாலம் தாண்டிய வளைவில் நான் பிரேக்கைத் தொடவே இல்லை, வண்டி ஆடவும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் நான் வாய்விட்டுக் கூவினேன். நீ என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய், ஆனால் உன் காது சிவந்துபோயிருந்தது. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு உன்னை மன்னித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே.

ஏனென்றால் வண்டியைத் தாழ்த்தியபிறகு ஒவ்வொரு வேலியேற்றத்துக்கும் அதன் அடிவயிறு உப்புத் தண்ணீரில் ஊறியது. "இரும்புக்கு உப்புதான் எமன்" என்பாய். தண்ணீர் இறங்கின உடனே, ஒருமணி நேரத்துக்குள், நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்பது உன் சட்டம். நல்ல தண்ணீர் என்றால் எது? பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, மன்னி டிரம்மில் பிடித்து மூடிவைக்கும் குடிதண்ணீர். அவள் குடத்தை வைத்துக்கொண்டு கத்துவாள். "சோறு வடிக்கத் தண்ணி இல்லே, கார் குளிக்கறது!" நீ காதில் வாங்காமல் பம்பை மாட்டுவாய். டிரம் காலியாகும்வரை வண்டிக்கடியில் சேற்றில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு இடுக்காகப் பீய்ச்சுவாய். காலில் செருப்புக்கூட இருக்காது.

வண்டிக்கு ஒரு டிரம் நல்ல தண்ணீர். உன் காலுக்கு ஒரு செம்பு கிடையாது. அப்படியே வந்து, துடைத்துவிட்டு, சாயா குடிக்க உட்காருவாய்.

நீ போன அந்த வருஷம் மழையும் வேலியேற்றமும் சேர்ந்து வந்தன. சுகாதார நிலையத்து ஆஷா சேச்சி வீடுவீடாக வந்து எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீரில் இறங்குகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நான் டியூட்டி முடிந்து வந்ததும் உன்னிடம் கேட்டேன்.

"மாத்திரை தின்னயா?"

"தின்னாச்சுடீ. கொழப்பமில்லே."

அடுத்த வாரமும் கேட்டேன். அதே பதில். வயிற்றைப் புரட்டும், வெறும் வயிற்றில் போடாதே என்றேன். "நர்ஸம்மா சொன்னா சரி" என்று சல்யூட் வேறு வைத்தாய்.

மாத்திரை எங்கே இருந்தது தெரியுமா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் உன் காரியங்கள் முடிந்து பதினேழு நாள் கழித்துத் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி வண்டியின் டாஷ்போர்ட் அறையைத் திறந்தேன். ப்யூஸ் டப்பாவுக்குக் கீழே அந்த அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை. அதை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, உனக்கு வாழ்நாளில் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். எதிர்வீட்டு சேட்டன் ஓடிவந்து கதவைத் தட்டும்வரை சொன்னேன்.

இன்னொன்று. காய்ச்சல் குளிருக்கு நீ போட்டிருந்த காலுறையைக் காஷுவாலிட்டியில் என்னோடு வேலை செய்யும் பெண்தான் கழற்றினாள். குதிகாலில் ஒரு கீறல். வண்டியின் அடித்தகடு கிழித்தது. அதன்மேல் நீ ஒட்டியிருந்தது வயருக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப். வீட்டில் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவள் அலமாரியில் பஞ்சும் மருந்தும் இருக்கின்றன, நீ மாடிப்படி பன்னிரண்டு ஏறவில்லை. டேப்பை உரித்தபோது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அவமானத்தையும் நீதான் எனக்குக் கொடுத்தாய்.

எலிக்காய்ச்சலேதான். சிறுநீரகம் முதலில் நின்றது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது.

இப்போது கேள், நான் என்ன செய்தேன் என்று. உன் குட்டை ஸ்பிரிங் நான்கையும் பிடுங்கிவிட்டேன். பழைய ஸ்பிரிங்கை நீ எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருந்தாய், அதைத் திரும்ப மாட்டினேன். சேட்டன் கூடவே நின்றார். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை நான் திருக, "பதுக்கே, மெதுவா, தெறிச்சா மொகம் போகும்" என்று அவர்தான் பயந்தார். மூன்று ஞாயிறு ஆயிற்று. வண்டி ஒன்றரை அங்குலம் எழுந்து நின்றது. வளைவில் இப்போது கொஞ்சம் சாய்கிறது, உனக்குப் பிடிக்காது. பிடிக்காமலேயே இருக்கட்டும்.

மன்னி விற்கச் சொல்கிறாள். அதன் சத்தம் கேட்டாலே அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எனக்கும் விற்றுவிடத் தோன்றுகிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு நான் வார்டில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கியபின் நானும் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன், முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, டாங்கர் லாரித் தண்ணீரில். டிரம்மைத் தொடுவதில்லை.

ஒரு விஷயத்தை மன்னியிடம்கூட நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், உனக்கு அதில் பங்கு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ காய்ச்சலோடு படுத்திருந்தாய். கால் வலிக்கிறது என்றாய். தைலம் எடுத்துக்கொண்டு வந்து நான் உன் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன். தொட்டதும் துள்ளினாய். "ஜாக்கிகிட்டே குந்திக் குந்தி இறுகிப்போச்சுடீ" என்றாய். "நன்னா வேணும்" என்று சிரித்தேன். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வார்டில் யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது, தண்ணீரில் இறங்கினீர்களா என்றுதான். இருபது வருஷமாகக் கேட்கிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன். உன் காலைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் அதைக் கேட்கவில்லை. மாத்திரை தின்றாயிற்று என்று நீ சொல்லியிருந்தாய், நான் நம்பியிருந்தேன். நான் கேட்டது, "வண்டி நாளைக்கு ரெடியாயிடுமா?"

"காலம்பற எடுத்துக்கோ" என்றாய்.

மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். வியாழக்கிழமை உன் கண் சிவந்தபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அந்தச் சதையின் இறுக்கம் என் இரண்டு பெருவிரலிலும் அப்படியே இருக்கிறது. யாருடைய காலைத் தொட்டாலும் முதலில் உன் கால்தான் வருகிறது. உன்னை மன்னிக்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டேன் அண்ணா. உன்னை மன்னித்துவிட்டால், கோபப்படுவதற்கு எனக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.