மேல் தாழ்ப்பாள்

மார்ச் 4
என் சிறுகதையைப் படமாக்குகிறார்கள். திரைக்கதையும் நான்தான். இன்று டைரக்டர் முதல் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். ‘நினைத்தாள்’ என்று வந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. “நினைப்பை எந்தக் கேமராவுல சார் எடுக்கறது? கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுதுங்க.” இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தானே பிழைப்பை ஓட்டினேன்!

மார்ச் 9
டைரக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துவிட்டேன். பஸ் மாறி மாறி அலைய முடியவில்லை. வீட்டில் நானும் அக்காவும்தான். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. இனிமேலாவது மேல் தாழ்ப்பாள் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கறேன்” என்றாள். நான் எப்போது வந்தாலும் சாவி போட்டுத் திறக்கட்டும் என்று இத்தனை நாள் அதைப் போடாமலே விட்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

மார்ச் 17
மகன் போன பிறகு அம்மா வீட்டில் தனியாக இருக்கும் காட்சி. கதையில் நாலு பக்கம், முழுக்க நினைப்பு. அதற்காகத்தான் இந்தப் படத்துக்கே ஒப்புக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா புலம்புவதாக மாற்றி எழுதிக் கொடுத்தேன். அம்மாவாக நடிப்பவர் படித்துவிட்டு, “இவ்வளவு பேசறவ அவனைப் போகவே விட்டிருக்க மாட்டாளே” என்றார்.

திங்கட்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவார்களாம்.

மார்ச் 18
ஒன்றும் வரவில்லை.

மார்ச் 20
பழைய கைப்பிரதியில் ஏதாவது கிடைக்குமா என்று, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். விளக்கு அணைந்திருந்தது. மணியை அழுத்தப் போனவன், பழக்க தோஷம், சாவியைப் போட்டேன். கதவு திறந்துகொண்டது.

அக்கா எழுந்து வந்தாள். “ஏண்டா, போன் பண்ணிட்டு வரக்கூடாது?”

“தாழ்ப்பாள் போடலையா?”

“மறந்துட்டேன்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தினமுமா — வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கைப்பிரதியைத் தேடாமலே அறைக்குத் திரும்பினேன்.

மார்ச் 21
எழுதியது இவ்வளவுதான்:

அம்மா விளக்கை அணைக்கிறாள். கதவருகே வருகிறாள். கை மேல் தாழ்ப்பாள் வரை போகிறது. நிற்கிறது. கீழே இறங்குகிறது. போய்ப் படுக்கிறாள்.

டைரக்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். படித்தார். மூடினார். “இதைக் கதையிலேயே எழுதியிருக்கலாமே சார்?”

அப்போது எனக்குத் தெரியாதே! காட்சி பிழைத்துவிட்டது. ஆனால், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டேனே? படம் பார்க்கும்போது என்ன சொல்வாளோ. பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 12
அக்காவோடு உட்கார்ந்து படம் பார்த்தேன். அந்தக் காட்சி வந்தபோது திரையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவளையே பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தாள்.

“அந்தம்மாவும் மறந்துட்டாங்க போலிருக்கு.”



ராத்திரி வீட்டிலேயே தங்கிவிட்டேன். மேல் தாழ்ப்பாளை நான்தான் போட்டேன்.